புடவைக்கு அந்தப் பக்கம் டாக்டர்

மதராஸ் ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பேர் மாறியிருந்த சமயம் அது. கும்மிடிப்பூண்டி ரயிலடியிலிருந்து கிழக்கே மாட்டு வண்டியில் போனால் வருகிற ஒரு கிராமத்துக்கு நான் வாழ்க்கைப்பட்டுப் போயிருந்தேன். இன்றைக்கு அந்தப் பக்கம் கம்பெனி பஸ்களும் லாரிகளும் வரிசை கட்டுகின்றன. அன்றைக்கு நெல் வயலும், ஏரியும், பழவேற்காடு பக்கமிருந்து மீன் கூடையோடு நடந்து வரும் பெண்களும்தான். ஆனாலும் எங்கள் ஊருக்கு ஒரு பெருமை உண்டு. ஓடு போட்ட அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. அதற்குப் பின்னாலேயே டாக்டர் குடியிருக்கும் வீடு. சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் அது ஒன்றுதான்.

பெருமையெல்லாம் ஆண்களுக்கு. பெண்கள் அங்கே போனால் குழந்தைக்குச் சளி, காலில் முள் என்றுதான் போவோம். டாக்டர் ஆண்பிள்ளை ஆயிற்றே. நர்சம்மா வேலை காலியாகவே கிடந்தது. யாராவது வருவார்கள், ஊரைப் பார்ப்பார்கள், மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். பிரசவத்துக்கு ஊரிலேயே மருத்துவச்சி இருந்தார். பிரசவம் தவிர உடம்பில் வேறு எது வந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட வேண்டியதுதான்.

தலைச்சன் பிரசவம் முடிந்து, பெண் குழந்தையோடு நான் தாய் வீட்டிலிருந்து திரும்பி வந்த புதிது. இடது மார்பில் பால் கட்டிக்கொண்டது. முதலில் கல் மாதிரி இருந்தது, பிறகு சிவந்து வீங்கி, தொட்டாலே உயிர் போகும் வலி. மாமியார் பாவம், தெரிந்ததையெல்லாம் செய்தார். உளுந்தை அரைத்துப் பற்றுப் போட்டார். மல்லிகைப்பூவை வைத்துக் கட்டினார். ஒன்றுக்கும் கேட்கவில்லை. ஜுரம் வந்து உடம்பு தூக்கிப் போட ஆரம்பித்ததும் அவரே பயந்துபோய், “ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போடா நைனா” என்று மகனிடம் சொன்னார்.

போனேன். டாக்டர் சின்ன வயசு. திருநெல்வேலிப் பக்கத்து ஆள், வந்து சில மாசம்தான் ஆகியிருந்தது. மேசைக்கு எதிரே நான் நிற்கிறேன், எனக்குப் பின்னால் ஆண்களும் பெண்களுமாக ஒரு வரிசை நிற்கிறது. “என்னம்மா செய்யுது?” என்று கேட்டார். என் வாய் தானாகவே “தலைவலி சார்” என்றது. அவர் தலைவலிக்கு மாத்திரை கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து மறுபடி போனேன். மறுபடியும் தலைவலிதான்.

மூன்றாவது முறை போனபோது வரிசையில் நிற்கவே முடியவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. இடுப்பில் குழந்தை வேறு வீரிட்டு அழுதது. என் வீட்டுக்காரர் வண்டியை மரத்தடியில் அவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கமாகப் போய், டாக்டர் வீட்டுக் கொல்லையில் இருந்த முருங்கை மரத்தடியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்று சொல்கிறேன், உண்மையில் சரிந்தேன்.

குழந்தையின் அழுகை கேட்டுச் சமையல் கட்டிலிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். கையில் தேங்காய் துருவின ஈரம். என்னைவிட நாலைந்து வயசு மூத்தவள் இருப்பாள். அதுதான் டாக்டரின் மனைவி. குழந்தையை அள்ளி எடுத்தவள் என் கையைத் தொட்டதும் திடுக்கிட்டாள். “என்னம்மா இப்படிக் கொதிக்கு! எப்பம் இருந்து காய்ச்சல்?” என்றாள். அப்புறம் நனைந்திருந்த என் ரவிக்கையைப் பார்த்தாள். என்னைத் தோளோடு அணைத்து உள்ளே கூட்டிப்போய்ச் சமையல் கட்டில் பாயை விரித்துப் படுக்க வைத்தாள்.

“இரு, அவரக் கூப்பிடுதேன்” என்று எழுந்தாள். நான் அவள் புடவை நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

“வேணாங்க்கா. உங்களுக்குப் புண்ணியமாப் பூடும். ஆம்பளைக்குக் காட்டிட்டு நான் எப்பிடி ஊட்டுக்குப் போவேன்?”

அவள் என் கையை மெல்ல விலக்கினாள். பிறகு கொடியில் காய்ந்த தன் நூல் புடவை ஒன்றை எடுத்து வந்து, சமையல் கட்டுக்கும் முன்கட்டுக்கும் நடுவே குறுக்காகக் கட்டினாள். புருஷனை வரச்சொல்லி அந்தப் பக்கம் உட்கார வைத்தாள். இந்தப் பக்கம் என்னிடம் கேட்டுக் கேட்டு, அந்தப் பக்கம் சொன்னாள். எனக்குப் பேச்சு வராதபோது அவளே பார்த்து, “சிவந்திருக்கு, நடுவுல மஞ்சளா இருக்கு” என்றெல்லாம் சொன்னாள். டாக்டர், “சீழ் பிடிச்சிருக்கு. கீறி எடுக்கணும். பார்க்காம எப்படிம்மா கீறுவேன்?” என்றார்.

செத்தாலும் பரவாயில்லை என்றுதான் அந்த நிமிஷம் நினைத்தேன். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து தன் முந்தானையை எடுத்து என் முகத்தை மூடினாள்.

“இங்க பாரு. ஒன் முகத்த நான் மூடிட்டேன். அவருக்கு நீ யாருன்னே தெரியாது. அவரு பாக்கப் போறது ஒரு கட்டி. அம்புட்டுத்தான். கட்டிக்கு என்ன வெக்கம்?”

அந்த யோசனை அவளுக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. அந்த முந்தானைக்குள் கொத்தமல்லி வாசனையும் தேங்காய் வாசனையும் கலந்து அடித்தது. டாக்டர் புடவையைத் தாண்டி வந்து மரத்துப்போக ஊசி போட்டார். அவள் என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, நான் கத்தக் கத்த, “ஆச்சு, ஆச்சு” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சீழ் வடிந்ததும் வலி இறங்கிய சுகம் இருக்கிறதே, அதை என்னால் எழுத முடியவில்லை. அப்படியே அவள் மடியிலேயே தூங்கிப்போனேன். விழித்தபோது என் மகள் அவள் இடுப்பில் இருந்தாள். என் வீட்டுக்காரர் கொல்லை வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் ஒரு வாரம் தினமும் போனேன், கட்டுப் பிரித்துக் கட்டினார். ஒவ்வொரு தடவையும் முகத்துக்கு முந்தானை. பிறகு ஒரு நாள் ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் எதிரே வந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் நின்று, ரொம்பச் சாதாரணமாக, “என்னம்மா, அந்தத் தலைவலி தேவலையா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அந்த மனுஷனுக்கு எல்லாம் தெரியும். தெரியாத மாதிரியே இருந்துவிட்டார். அன்றிலிருந்து அவர்மேல் எனக்கு இருந்த பயம் போய்விட்டது.

எங்கள் ஊரில் எது நடந்தாலும் குளத்தங்கரைக்குப் போய்விடும். நான் பிழைத்த கதையும் போனது. முதலில் என் ஓரகத்தி வந்தாள். அப்புறம் பக்கத்துத் தெரு, பக்கத்து ஊர், கடைசியில் சுண்ணாம்புக்குளம் பக்கத்து மீன்காரப் பெண்கள் வரைக்கும் வந்தார்கள். முன் வாசல் பக்கம் யாரும் போவதில்லை. மத்தியானம் டாக்டர் சாப்பிட வரும் நேரத்துக்குக் கொல்லைப்பக்கம் முருங்கை மரத்தடியில் கூட்டம் சேர்ந்துவிடும். நடுவே புடவை தொங்கும். இந்தப் பக்கம், நான் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்திருந்த டாக்டர் மனைவியும் ஒவ்வொருத்தியாக வருகிறவர்களும். அந்தப் பக்கம் டாக்டர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேள்வி கேட்பார். தொட்டுப் பார்க்க வேண்டியவர்களுக்கு மட்டும் கை கழுவிவிட்டு இந்தப் பக்கம் வருவார், அதற்குள் முகத்தில் முந்தானை ஏறிவிடும். அவர் தட்டில் சோறு ஆறிக் காய்ந்து கிடந்ததை எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

அக்காவுக்கு வைத்தியம் ஒன்றும் தெரியாது. அதை அவளே எல்லோரிடமும் சொல்லிவிடுவாள். “எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. நீ சொல்லுதத அப்படியே அவருட்டச் சொல்லுவேன்.” அப்படியே சொல்வதில்தான் சிக்கல். எங்கள் ஊர்ப் பேச்சு அவளுக்குப் பாதி புரியாது. ஒரு அம்மா வந்து, “தூரம் ஆனா நிக்கவே மாட்டேங்குது, ஒரே பேஜாராகீது” என்றார். அக்கா ரொம்ப இரக்கத்தோடு, “அம்புட்டு தூரம் நடந்தா வந்தீய? செத்த உக்காந்து மோர் குடிங்க” என்றாள். முருங்கை மரத்தடியே சிரித்தது. புடவைக்கு அந்தப் பக்கம் டாக்டருக்குப் புரையேறியது. “எங்க ஊர்ல அத விலக்குன்னு சொல்லுவோம், எனக்கு என்ன தெரியும்” என்று அவளும் சேர்ந்து சிரித்தாள். அன்றிலிருந்து, பக்கத்தில் உட்கார்ந்து எங்கள் பேச்சை அவளுக்கு விளக்கும் வேலை எனக்கு வந்தது. வயல் வேலை இல்லாத நாளெல்லாம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். மாமியாரே, “போ, உன் அக்கா காத்துக்கினு இருப்பா” என்று அனுப்பிவைப்பார்.

அவர்கள் சைவம். அது தெரியாமல் மீன்காரப் பெண்கள் குணமான சந்தோஷத்தில் இறால், கெண்டை என்று கொண்டுவந்து கொடுப்பார்கள். அக்கா இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வாள். “நல்லா இருக்கே, இப்பம் பிடிச்சதா?” என்று கேட்பாள். அவர்கள் தலை மறைந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு என் கூடையில் போடுவாள். அந்த வருஷம் எங்கள் வீட்டில் மீன் குழம்புக்குக் குறைவே இல்லை.

அவளுக்குக் குழந்தை இல்லை. என் மகளை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதும், கண்ணுக்கு மை வைப்பதும் அவள்தான். என்னைவிட அவளிடம்தான் என் மகள் முதலில் நடந்து போனாள். அவளுக்குக் குழந்தை இல்லாததைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை. சில விஷயங்களைக் கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைத்தேன்.

அப்படிச் சேர்ந்தாற்போல ஒன்றரை வருஷம் போயிருக்கும். அக்காவின் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது எனக்குத் தெரிந்தது. கிணற்றிலிருந்து ஒரு குடம் தூக்கி வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவாள். உதட்டில் ரத்தமே இல்லை. கொல்லையில் மறைவாக ஒரு கொடி இருக்கும். அதில் பழந்துணிகள் மாசத்தில் பாதி நாளுக்கு மேல் காய்ந்துகொண்டிருந்தன. பெண்ணாகப் பிறந்தவளுக்கு அதைப் பார்த்தால் புரியாதா? ஒரு மத்தியானம், டாக்டர் வர நேரமாகி, காத்திருந்தவர்கள் எல்லோரும் போன பிறகு, அவள் அடுப்படியில் அப்படியே சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

“அக்கா, உங்களுக்கு உடம்புக்கு இன்னா?”

“ஒண்ணுமில்லட்டி. தலைவலி.”

“நான் சொன்ன அதே தலைவலியா?” என்று கேட்டேன். அவள் சிரிக்க முயன்றாள். முடியாமல் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அப்புறம் மெல்லச் சொன்னாள். பல மாசமாகவே உதிரம் நிற்காமல் போகிறது. அடிவயிற்றில் ஏதோ கனமாக உருள்கிறது.

“சாராண்ட சொல்லலியா? பக்கத்துலயே டாக்டரை வெச்சிக்கினு…”

“ஊருக்குத்தான் அவரு டாக்டரு. எனக்கு வீட்டுக்காரருல்லா. கல்யாணமாகி இம்புட்டு வருசம் ஆச்சு, வயித்துல ஒண்ணும் தங்கல. அவுக அம்மா வேற பொண்ணு பாக்கணும்னு ஊருல சொல்லிக்கிட்டு இருக்காக. இதையும் எப்படிச் சொல்ல?”

ஊர்ப் பெண்கள் சொல்லக் கூசியதையெல்லாம் வாங்கி அந்தப் பக்கம் சொன்னவள் அவள். அவளுக்கென்று வந்தபோது சொல்ல ஆளில்லை. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து முன்வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அன்று ஆஸ்பத்திரியில் கூட்டம் அதிகம், டாக்டர் தாமதமாகச் சாப்பிட வந்திருந்தார். புடவை இன்னும் அவிழ்க்கப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் மணை போடும் சத்தம், மூடிவைத்த சோற்றுத் தட்டைத் திறக்கும் சத்தம். “இன்னும் யாராவது இருக்காங்களா?” என்று கேட்டார்.

அக்கா என் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். நான் அவள் கண்ணைப் பார்த்தேன். அவள் வேண்டாம் என்று தலையாட்டவில்லை.

“ஒரு அம்மா இருக்காங்க சார்” என்றேன்.

“என்ன தொந்தரவு?”

சொன்னேன். அவர் வழக்கம்போல ஒவ்வொன்றாகக் கேட்டார். எத்தனை மாசமாக? கட்டியாக விழுகிறதா? வலி முதுகுக்கு வருகிறதா? படியேறினால் மூச்சு வாங்குகிறதா? ஒவ்வொரு கேள்விக்கும் நான் அக்காவைப் பார்ப்பேன். அவள் என் காதில் சொல்லுவாள். நான் அந்தப் பக்கம் சொல்லுவேன்.

“கர்ப்பப்பையில கட்டியா இருக்கலாம். ரத்தம் ரொம்பப் போயிருக்கு. இதை இங்க வெச்சுப் பார்க்க முடியாது, உடனே மெட்ராஸ் போகணும். அந்தம்மா வீட்டுக்காரர்கிட்ட சொல்லியாச்சா?”

“சொல்லல சார்.”

“ஏன்?”

“பயமா இருக்குதாம்.”

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அதுவரை அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. “பொண்டாட்டி உயிர் போற நிலையில இருக்கா, சொல்லப் பயமா இருக்குன்னா அவன் என்ன மனுஷன்? யாரும்மா அவன்? நாளைக்குக் காலையில இங்க கூட்டிட்டு வாங்க. நான் பேசுறேன் அவன்கிட்ட!”

எழுந்து போய்ப் புடவையை ஒரு பக்கமாக இழுத்து ஒதுக்கினேன்.

அந்தப் பக்கம் அவர் பிசைந்த சோற்றில் கையை வைத்தபடி இருந்தார். இந்தப் பக்கம் அடுப்படியில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள், முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு. அவர் முதலில் என்னைத் தாண்டி வேறு யாரையோ தேடினார். பிறகுதான் புரிந்தது. எழுந்து வந்தார். சோற்றுக் கையோடு அப்படியே தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். இடது கையால் முந்தானையை விலக்கி, அவள் கீழ் இமையைத் தாழ்த்திப் பார்த்தார்.

“தினமும் எனக்குச் சோறு போடுத கை. நான் பாக்கலியே” என்றார். “என்ட்டச் சொல்லக் கூடாதா? நான் ஒன்ன அப்படியா வச்சிருந்தேன்?”

நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் வந்துவிட்டேன். உள்ளே இரண்டு பேரும் அழுகிற சத்தம் கேட்டது. என் மகள் அதைக் கேட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

மறுநாள் காலையில் எங்கள் வண்டியில்தான் அவர்களை ரயிலடிக்குக் கொண்டுபோய் விட்டோம். வண்டி குலுங்காமல் இருக்க வைக்கோலை மெத்தை மாதிரி பரப்பி, அதன்மேல் மாமியார் தன் கல்யாணப் புடவையை விரித்தார். மெட்ராஸில் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றி, கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் ஆள் தங்கியிருக்க மாட்டாள் என்று சொன்னார்களாம்.

அவள் திரும்பி வருகிற வரைக்கும் ஊரில் ஒருத்திக்கும் நிம்மதியில்லை. வந்த அன்று முருங்கை மரத்தடியில் திருவிழாக் கூட்டம். சோறு பொங்கவும் தண்ணீர் எடுக்கவும் முறை வைத்துக்கொண்டு வந்தோம். அதற்குள் அவர்கள் சைவம் என்ற விஷயத்தை யாரோ சொல்லியிருக்க வேண்டும். மீன்காரம்மா ஒருத்தி அவ்வளவு தூரத்திலிருந்து கூடை நிறைய முளைக்கீரையும் முருங்கைக் கீரையும் சுமந்துகொண்டு வந்தாள். “கூடைய நல்லாக் கழுவிட்டேன் தாயி, நாத்தம் இருக்காது” என்று வாசலிலேயே சொன்னாள். அக்கா அவளைக் கட்டிக்கொண்டாள்.

டாக்டரின் அம்மாவும் ஊரிலிருந்து வந்தார். உள்ளே என்ன பேசினார்களோ தெரியாது. நான் மோர் கொண்டுபோனபோது டாக்டர், “இவ இருக்கா, எனக்கு அது போதும்” என்று சொல்லிக்கொண்டிருந்தது மட்டும் காதில் விழுந்தது. அந்த அம்மாவும் அதற்கப்புறம் ஒரு மாசம் தங்கி மருமகளுக்குப் பத்தியம் சமைத்துப் போட்டுவிட்டுத்தான் போனார்.

அடுத்த வருஷம் அவர்களுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் மாற்றல் வந்தது. ரயிலடியில் என் மகள் அவள் கழுத்தை விடவே மாட்டேன் என்றாள். கொஞ்ச காலம் கடிதப் போக்குவரத்து இருந்தது. பிறகு எல்லா உறவுக்கும் நடப்பதுபோல அதுவும் தேய்ந்து நின்றுபோனது. எழுபதுகளின் நடுவில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு பெண் டாக்டர் வந்தார். பெண்கள் முன்வாசல் வழியாகவே போக ஆரம்பித்தோம். என் இரண்டாவது பிரசவம் அவர் கையில்தான் நடந்தது.

எத்தனையோ வருஷம் ஓடிவிட்டது. அந்த அக்காவுக்கு நான் செய்தது பெரிய காரியமில்லை, அவள் எனக்குச் செய்ததில் ஒரு துளியைத் திருப்பிச் செய்தேன், அவ்வளவுதான். ஆனால் அவளிடமிருந்து ஒரு பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது. மகளோ, மருமகளோ, பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் முன்பின் தெரியாத பெண்ணோ, முகம் வாடியிருக்கும்போது “ஒண்ணுமில்லை” என்று சொன்னால், நான் அதை நம்பிவிட்டு எழுந்து வந்துவிடுவதில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.